லினக்ஸ் கணினியில் அஞ்சல் தானே வந்து சேரும் வகை

கடிதம் எழுதுவோன் ஒருவன். அதனைப் பெறுவோன் மற்றொருவன். இவ்விருவர்க்கும் இடையே நின்று அதனைக் கொண்டு சேர்ப்போன் பிறிதொருவன். முதலிருவரையும் நாம் அறிவோம், மூன்றாமவனை நினைப்பதில்லை. கடிதம் ஒன்று தவறிய அன்றே அவன் நம் நினைவுக்கு வருகின்றான். மின்னஞ்சலுக்கும் இஃது ஒக்கும். திரையைத் தொட்டவுடன் கடிதம் தோன்றுகின்றது. அஃது அதுகாறும் எங்கே கிடந்தது, யார் சென்று கேட்க வந்தது, வந்தபின் அதன் மூலம் என்னாயிற்று என்னும் வினாக்கள் நம் உள்ளத்தில் எழுவதில்லை.

லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை கொண்ட கணினியில், நாம் ஒவ்வொரு முறையும் ஏவாமலே, குறித்த காலத்துக்கு ஒருமுறை சென்று அஞ்சலை எடுத்துவரும் ஏவலாளன் ஒருவனை அமர்த்தும் வகையை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துவரச் செய்தல் எளிது. எடுத்துவருங்கால் ஒரு கடிதமேனும் தவறாவண்ணமும், ஏவலாளன் வீழ்ந்துபடின் அதனை நாம் உடனே அறியுமாறும் அமைத்தலே அரிது. அவ்வரிய பகுதியையே ஈண்டுச் சிறப்பாக நோக்குவாம்.

அஞ்சல் தங்கும் இடம்

ஒரு கணினியிலிருந்து வலையமைப்பின் வழியே மற்றொரு கணினிக்கு அஞ்சல் அனுப்பும் முறையை 1971ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் ரே ரொம்லின்சன் செய்துகாட்டினார். பெறுவோன் பெயரையும் அவனுடைய கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட இன்று நாம் இடும் சுழிக் குறியும் அவர் தெரிந்தெடுத்ததே. அக்காலத்துக் கணினிகள் பெரியன, பலர்க்குப் பொதுவானவை, பெரும்பாலும் ஓயாது இயங்கியவை. ஆகவே கடிதம் நேரே அக்கணினிக்கே வந்து சேர்ந்தது. 1982இல் வகுக்கப்பெற்ற எஸ்.எம்.ரி.பி. என்னும் நடப்பொழுங்கும் இந்நிலையை எண்ணியே அமைந்தது. கடிதத்தைக் கையிற் கொண்ட கணினி, பெறுங் கணினியின் கதவைத் தட்டி, அதனை உள்ளே தள்ளும். பெறுவோன் விழித்திருத்தல் இதற்கு இன்றியமையாதது.

தனியாட் கணினிகள் பெருகியபோது இந்நிலை மாறிற்று. மேசைமேல் உள்ள கணினி இரவில் அணைக்கப்படுகின்றது. மடிக்கணினியோ மூடியபின் வலையமைப்பினின்றும் மறைந்துவிடுகின்றது. தட்டுவோனுக்குக் கதவைத் திறப்பார் இலர். ஆகவே, எப்பொழுதும் விழித்திருக்கும் அஞ்சல் வழங்கி ஒன்று கடிதங்களை ஏற்று வைத்துக்கொள்ள, உரியவர் தமக்கு வசதியான வேளையிற் சென்று எடுத்துக்கொள்ளும் முறை தோன்றியது. தபாற்கந்தோரில் தனிப்பெட்டி வைத்திருப்போர் தாமே சென்று கடிதம் எடுத்து வருவதை இதற்கு ஒப்பிடலாம்.

இவ்வாறு எடுப்பதற்கென்று பொப் என்னும் நடப்பொழுங்கு 1984இல் வெளியிடப்பெற்றது. இன்று வழங்கும் அதன் மூன்றாம் வடிவம் 1988இல் வந்தது. ஐமேப் என்னும் மற்றொன்றை ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் 1986இல் வகுத்தார். பொப் கடிதத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்வோர்க்கு ஏற்றது. ஐமேப் கடிதத்தை வழங்கியிலேயே வைத்துப் பல கருவிகளிலிருந்து பார்ப்போர்க்கு ஏற்றது. எதுவாயினும் ஓருண்மை தெளிவு: வழங்கி வரையும் கடிதம் தள்ளப்பட்டு வருகின்றது, அதற்கப்பால் எவரேனும் சென்று இழுத்தாலன்றி அது நகர்வதில்லை.

உலாவியைத் திறந்து வழங்கியிலேயே கடிதத்தைப் படிக்கலாமே, தனி ஏவலாளன் எதற்கு எனச் சிலர் வினவலாம். இணையத் தொடர்பு அற்றவேளையிலும் பழைய கடிதங்களைப் படித்தல், பல முகவரிகளுக்கு வருவனவற்றை ஓரிடத்திற் சேர்த்தல், யாதேனும் காரணத்தாற் கணக்கு முடக்கப்படினும் நம் கடிதங்களின் பிரதி நம்மிடமே இருத்தல் ஆகிய மூன்று நன்மைகளை அவர்க்கு விடையாகக் கூறலாம். இம்மூன்றாவது நன்மை இழந்தபின்னரே பலராலும் உணரப்படுவது.

காணா ஏவலாளன்

திரைக்குப் பின்னால் நின்று பணிபுரியும் செய்நிரலை யுனிக்ஸ் மரபினர் 'டீமன்' என்பர். மசாச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் 1963ஆம் ஆண்டளவில் கணினிப் பணி புரிந்தோர் இப்பெயரை இட்டனர். மூலக்கூறுகளை ஓயாது தரம்பிரிப்பதாக இயற்பியலறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கற்பனை செய்த சிற்றுருவத்தின் பெயரே அவர்களுக்கு முன்மாதிரி. ஆகவே, இதனைப் பேய் எனப் பொருள்கொண்டு அஞ்சவேண்டியதில்லை. ஏவலாளன் எனக் கொள்ளுதலே பொருத்தமாகும்.

முனையத்தில் நாம் தட்டெழுதி இயக்கும் செய்நிரல் அம்முனையத்துடன் பிணைந்தது. முனையத்தை மூடினால் அதுவும் பெரும்பாலும் மடியும். ஏவலாளனோ முதலில் தன்னைப்போன்ற பிரதியொன்றைத் தோற்றுவிக்கும். பின்னர் மூலம் முடிந்துவிடும். பிரதி முனையத்தோடுள்ள தொடர்பை அறுத்துக்கொள்ளும். பெற்றோரை இழந்த அப்பிரதியை முறைமையின் தலைமைச் செயன்முறை தத்தெடுத்துக்கொள்கின்றது. அன்று முதல் அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. குறை நேர்ந்தால் நம் முன்னே வந்து முறையிடும் வாயும் அதற்கு இல்லை. இதனை வாசகர் நினைவில் இருத்துவாராக. பின்னர் இது வேண்டப்படும்.

கட்டளை எழுதும் முறை

இப்பணிக்குரிய மென்பொருள்கள் பல. வழங்கியிலும் கணினியிலும் உள்ள அஞ்சல்களை இருபுறமும் ஒப்பச்செய்ய விரும்புவோர்க்கு எம்பிசிங்க் முதலியன உண்டு. அஞ்சலை ஒருபுறமாக எடுத்துவரும் ஏவலாளர்களுள் நெடுநாட் பழக்கம் உடையது ஃபெட்ச்மெயில். எரிக் ரேமண்ட் என்பார் 1996இல், பிறர் எழுதிய சிறு மென்பொருளொன்றின் பொறுப்பை ஏற்று இதனை வளர்த்தெடுத்தார். அவ்வனுபவத்தையே அடிப்படையாக வைத்து, திறந்த மென்பொருள் உருவாகும் வகையைப் பற்றிப் 'பேராலயமும் சந்தையும்' எனப் பொருள்படும் தலைப்பிற் புகழ்பெற்ற கட்டுரையொன்றை 1997இல் வெளியிட்டார்.

ஃபெட்ச்மெயிலுக்குரிய கட்டளைகள் பயனாளரின் தாய்க்கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் பெயருடைய சிறு கோப்பொன்றில் எழுதப்படும். அதில் வேண்டுவன சிலவே: எந்த வழங்கியை வினவுவது, எந்த நடப்பொழுங்கைக் கையாள்வது, எந்தப் பெயராலும் கடவுச்சொல்லாலும் நுழைவது, எடுத்த கடிதத்தை இக்கணினியில் எவரிடம் ஒப்படைப்பது, எத்தனை வினாடிக்கு ஒருமுறை செல்வது என்பன. சொற்கள் எளிய ஆங்கிலச் சொற்களே; இரண்டு மூன்று வரிகளில் யாவும் அடங்கும்.

வினவுங் கால இடைவெளியாக 300 வினாடி குறித்தால், நாளொன்றுக்கு 288 முறை ஏவலாளன் சென்றுவருவான். ஐந்து வினாடிக்கு ஒருமுறை என ஆவலாற் குறிப்போர் நாளொன்றுக்கு 17,280 முறை வழங்கியின் கதவைத் தட்டுகின்றனர். அத்தகையோரைச் சில வழங்கிகள் தடுத்து நிறுத்தும். கடிதம் வந்தவுடன் அறியவேண்டும் என்பார்க்கு ஐமேப் முறையில் 1997இல் சேர்க்கப்பெற்ற 'ஐடில்' என்னும் வசதி உண்டு. ஏவலாளன் மீண்டும் மீண்டும் தட்டாது, வாயிலில் அமைதியாய்க் காத்திருக்க, கடிதம் வந்ததும் வழங்கியே அவனுக்கு அறிவிக்கும்.

காலம் வகுத்தல்

ஏவலாளனே தன் காலத்தைக் கணித்துக்கொள்ளுதல் ஒரு வழி. காலங் கணிப்போன் ஒருவன் வேறாக நின்று, உரிய வேளையில் அவனை எழுப்புதல் மற்றொரு வழி. இப்பணிக்கு யுனிக்ஸ் மரபில் நெடுங்காலமாக உள்ளது 'குரோன்'. நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், கிழமை என ஐந்து கட்டங்களில் காலத்தையும், அவற்றின் பின் கட்டளையையும் ஒரு வரியில் எழுதிவைத்தால் அவ்வேளைதோறும் அது நிறைவேற்றப்படும்.

குரோனைக் கையாள்வோர் இரண்டனைக் கருத்திற் கொள்ளவேண்டும். முதலாவது, முனையத்தில் நமக்குக் கிடைக்கும் சூழல் முழுவதும் குரோனுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே செய்நிரலின் இருப்பிடத்தை முழுமையாக எழுதவேண்டும். இன்றேல் நாம் இயக்கும்போது நன்கு நடந்தது அங்கே நடவாது. இரண்டாவது, முன்னைய முறை சென்ற ஏவல் முடிந்ததா என்பதைக் குரோன் பார்ப்பதில்லை. பெரிய கடிதமொன்று மெல்ல இறங்கிக்கொண்டிருக்கையில் அடுத்த ஏவலும் புறப்படும். ஃபெட்ச்மெயில் தன் பிரதியொன்று முன்னரே இயங்குவதைக் கண்டுகொள்ளும் இயல்பினது; அவ்வியல்பு அற்ற மென்பொருள்களுக்குப் பூட்டொன்றை நாமே அமைத்தல் வேண்டும்.

2010இல் தோன்றி இன்று லினக்ஸ் வகைகள் பலவற்றில் இடம்பெற்றுள்ள சிஸ்டம்டி என்னும் தொகுதியிலும் காலங்கணிப்பான் உண்டு. முன்னைய ஏவல் முடியும்வரை அடுத்ததை அது தொடங்குவதில்லை. நிகழ்வனவற்றையெல்லாம் பதிவேட்டில் எழுதியும் வைக்கின்றது. ஆயினும் பயனாளர் பெயரால் அமர்த்தப்பெற்ற ஏவல்கள், அவர் கணினியினின்று வெளியேறியதும் இயல்பாக நின்றுபோம். வெளியேறியபின்னும் தங்குவதற்கு 'லிங்கர்' என்னும் அனுமதியைத் தனியே வழங்குதல் வேண்டும். இதனை அறியாது, எல்லாம் சரியே ஆயினும் அஞ்சல் வரவில்லையே என மயங்குவோர் உளர்.

ஒப்படைத்தலின் பொறுப்பு

கடிதம் ஒன்று வழங்கியிலிருந்து நம் கணினிக்கு வருகையில், ஒரு கணம் இரண்டிடத்தும் அது இருத்தல் வேண்டும். ஈரிடத்தும் இல்லாத கணம் ஒன்றுகூட இருத்தலாகாது. இதுவே இத்துறையின் தலையாய விதி. நடப்பொழுங்குகளை வகுத்தோர் இதனை நன்குணர்ந்திருந்தனர்.

பொப் முறையில், கடிதத்தை நீக்குக என ஏவலாளன் கூறியவுடன் வழங்கி அதனை நீக்கிவிடுவதில்லை. நீக்கத்தக்கது எனக் குறித்து மட்டும் வைக்கின்றது. ஏவலாளன் முறையாக விடைபெற்ற பின்னரே நீக்கம் நிகழும். இடையில் மின்சாரம் தடைப்பட்டாலும், தொடர்பு அறுந்தாலும், விடைபெறுதல் நிகழாமையின் ஒரு கடிதமும் அழிக்கப்படமாட்டாது. நம் கணினியின் பக்கத்திலும் இத்தகைய காப்பு உண்டு. ஃபெட்ச்மெயில் தான் கொணர்ந்த கடிதத்தை வழக்கமாக இக்கணினியிலுள்ள உள்ளூர் அஞ்சல் நிரலிடம் எஸ்.எம்.ரி.பி. வழியாக ஒப்படைக்கும். அந்நிரல் 250 என்னும் எண்ணை விடையாகக் கூறினால், பொறுப்பை ஏற்றுக்கொண்டேன் என்பது பொருள். அவ்விடை கிடைத்தபின்னரே வழங்கியிலுள்ள மூலம் நீக்கத்துக்குரியதாகும்.

உள்ளூர் நிரல் கடிதத்தை எழுதிவைக்கும் முறையிலும் இதே கருத்தைக் காணலாம். பழைய முறையில் கடிதங்கள் யாவும் ஒரே நீண்ட கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டன. இருவர் ஒரே வேளையில் எழுத நேரின் அக்கோப்புச் சிதையக்கூடும். டானியல் பேர்ன்ஸ்டைன் வகுத்த மெயில்டிர் முறையில் ஒவ்வொரு கடிதமும் தனிக்கோப்பு, கோப்புறைகள் மூன்று. கடிதம் முதலிலே தற்காலிகக் கோப்புறையில் முழுவதும் எழுதப்பட்டு, பின்னரே புதியன வைக்கும் கோப்புறைக்கு மாற்றப்படும்; படித்த கடிதங்கள் மூன்றாவதிற் சேரும். பாதி எழுதிய கடிதம் புதியவற்றிடையே ஒருபோதும் தோன்றாது.

இவ்வளவு காப்பு இருந்தும், மனிதர் செய்யும் பிழையை நடப்பொழுங்கு தடுக்கமாட்டாது. ஃபெட்ச்மெயில் தனியே விடப்படின் எடுத்த கடிதத்தின் மூலத்தை வழங்கியிலிருந்து நீக்கும் இயல்பினது. கட்டளைக் கோப்பில் 'கீப்', அதாவது வைத்திரு, என்னும் ஒரு சொல்லைச் சேர்த்தால் மூலம் அங்கேயே இருக்கும். ஒவ்வொரு கடிதத்துக்கும் வழங்கி இட்டுள்ள தனியடையாளத்தைக் குறித்துவைத்து, முன்னர் எடுத்ததை மீண்டும் எடாமலும் பார்த்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குவோர் சில கிழமைகளேனும் இச்சொல்லைச் சேர்த்தே இயக்கவேண்டும் என்பது என் துணிபு. ஒரு கடிதம் இருமுறை வருதல் சிறு தொல்லை. ஒருமுறையும் வராமை பெருங் கேடு.

இரகசியம் காத்தல்

ஏவலாளன் நாம் உறங்கும்போதும் செல்லவேண்டியவனாதலின், திறவுகோலை அவனிடம் ஒப்படைத்தே ஆகவேண்டும். கடவுச்சொல் அடங்கிய கோப்பை உரியவர் மட்டுமே படிக்கவும் எழுதவும் கூடியதாக, 600 என்னும் அனுமதி எண்ணைக் கொடுத்து அமைத்தல் வேண்டும். பிறரும் படிக்கக்கூடிய நிலையில் அக்கோப்பு இருப்பின் ஃபெட்ச்மெயில் இயங்க மறுத்துவிடும். இம்மறுப்பைக் குறை எனக் கருதற்க.

வழியிலும் காப்பு வேண்டும். பழைய வாயில்களாகிய 110, 143 என்பவற்றில் மறைகுறியாக்கமின்றிச் செல்லும் கடவுச்சொல்லை இடைவழியில் உள்ளோர் படித்தறியலாம். பொப் முறைக்கு 995, ஐமேப் முறைக்கு 993 ஆகிய வாயில்களிலே தொடக்கம் முதலே மறைகுறியாக்கம் நிகழ்கின்றது. இன்று இவையே தக்கன. மேலும், கணக்கின் கடவுச்சொல்லை மட்டும் கூறி நுழையும் பழைய வழியைக் கூகிள் நிறுவனம் தனியாட் கணக்குகளுக்கு 2022இல் மூடிற்று. மைக்ரோசொப்ட் நிறுவனமும் தன் நிறுவன அஞ்சற் சேவையில் அவ்வாண்டு முதல் அவ்வாறே செய்தது. செய்நிரலுக்கென்றே வழங்கப்படும் தனிக் கடவுச்சொல், அல்லது குறித்த காலத்திற் காலாவதியாகும் அனுமதிச் சீட்டு என்பன அவ்விடத்தைப் பெற்றுள்ளன. பல்லாண்டு நன்கு உழைத்த ஏவலாளர் பலர் அவ்வேளையில் வாயிலிலேயே தடுக்கப்பட்டனர்.

மௌனத்தின் பொருள்

தடுக்கப்பட்ட ஏவலாளன் என் செய்வான்? இவ்வினாவுக்கு என் சொந்தப் பிழையொன்றையே விடையாகக் கூறல் தகும். குரோன் தான் நிறைவேற்றும் கட்டளையின் வெளியீட்டை உள்ளூர் அஞ்சலாக உரியவர்க்கு அனுப்பும் வழக்கமுடையது. என் வீட்டில் இணையத் தொடர்பு அடிக்கடி அறுந்தமையால், 'வழங்கியை அணுக முடியவில்லை' என்னும் முறையீடுகள் நாள்தோறும் என் பெட்டியை நிரப்பின. தொல்லை தாளாது, வெளியீடு அனைத்தையும் லினக்ஸிலுள்ள பாழ்ங்கிணறு போன்ற வெற்றுக் கோப்புக்குத் திருப்பிவிட்டேன். பெட்டி அமைதியுற்றது, நானும் மகிழ்ந்தேன்.

சில மாதங்களின் பின் வழங்கியில் என் கடவுச்சொல்லை மாற்றினேன். கட்டளைக் கோப்பில் மாற்ற மறந்தேன். ஏவலாளன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சென்றான். ஒவ்வொரு முறையும் தடுக்கப்பட்டான். ஒவ்வொரு முறையும் முறையிட்டான். முறையீடு கிணற்றில் வீழ்ந்தது. ஒன்பது நாட்கள் எனக்குக் கடிதமே வரவில்லை. விடுமுறைக் காலமாதலின் எவரும் எழுதவில்லை என எண்ணியிருந்தேன். பத்தாம் நாள் பழைய மாணவர் ஒருவர் நேரில் வந்தார். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க நற்சான்றுக் கடிதம் வேண்டி இருமுறை எனக்கு எழுதியதாகவும், முடிவுநாள் இரண்டு நாட்களின் முன் கழிந்துவிட்டதாகவும் கூறினார். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெருந் தண்டனையாயிற்று. வழங்கியைத் திறந்து பார்த்தேன். கடிதங்கள் யாவும் அங்கே பத்திரமாக இருந்தன. கடிதம் ஒன்றும் தவறவில்லை, காலமே தவறிற்று.

இதிலிருந்து நான் கற்றவை மூன்று. முதலாவது: கடிதம் இல்லை என்பதும் கடிதத்தை எடுக்க முடியவில்லை என்பதும் நமக்கு ஒரே மௌனமாகத் தோன்றினும் தம்முள் வேறானவை. ஃபெட்ச்மெயில் இவற்றை முடிவெண்ணால் வேறுபடுத்துகின்றது. 0 எனின் கடிதம் வந்தது; 1 எனின் புதிய கடிதம் இல்லை; 2 எனின் வழங்கியுடன் தொடர்பு கிட்டவில்லை; 3 எனின் அடையாளம் ஏற்கப்படவில்லை. 1 என்பதைக் குற்றமாகக் கொள்ளாதிருக்குமாறு காலங்கணிப்பானுக்கு அறிவித்தல் வேண்டும். 3 என்பதை ஒருபோதும் புறக்கணித்தலாகாது. இரண்டாவது: தொல்லைதரும் முறையீட்டைப் பிரித்தறிந்து குறைக்கவேண்டுமேயன்றி, முறையீடு அனைத்தையும் அடைத்தலாகாது. மூன்றாவது: குறையறிவிப்பு வேறு வழியாக நம்மை அடைதல் வேண்டும். ஏவலாளன் எடுத்துவரவேண்டிய அதே முகவரிக்கு அவனைப் பற்றிய எச்சரிக்கையை அனுப்புதல், தூதன் நோயுற்றான் என்னும் செய்தியை அத்தூதன் கையிலேயே கொடுத்தனுப்புவதை ஒக்கும்.

இப்பொழுது என் கணினியில், ஏவலாளன் இறுதியாக வழங்கியினுள் வெற்றியுடன் நுழைந்த நேரம் ஒரு சிறு கோப்பிற் பதியப்படுகின்றது. அந்நேரம் ஒரு மணிக்கு மேற் பழமையுற்றால் திரையில் அறிவிப்பொன்று தோன்றும். புதிதாக அமைப்போர், உண்மையான பணிக்கு அவனை விடுமுன், தமக்குத் தாமே கடிதம் எழுதிப் பார்ப்பதோடு அமையாது, வேண்டுமென்றே தவறான கடவுச்சொல்லைக் கொடுத்தும், வலையமைப்பின் தொடர்பைத் துண்டித்தும், கணினியை மீளத் தொடக்கியும் சோதித்தல் நன்று. நல்ல வேளையில் வேலைசெய்வது எதனையும் மெய்ப்பிப்பதில்லை. தீய வேளையில் அது எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதே அறியவேண்டுவது.

முடிவுரை

தாமே இயங்கும் பொறிகள் நம் உழைப்பைக் குறைக்கின்றன என்பர். உண்மையே, ஆயின் நம் பொறுப்பை அவை குறைப்பதில்லை. அஞ்சலைச் சென்றெடுக்கும் வேலையை ஏவலாளனிடம் விட்டபின், அவனைக் கண்காணிக்கும் வேலை நம்மிடம் வந்து சேர்கின்றது. முன்னையதிலும் இது சிறிது. ஆயினும் இதனை எந்த ஏவலாளனிடமும் முழுவதும் விட்டுவிட இயலாது. ஒவ்வொரு கடிதத்தின் பின்னாலும் விடைக்காகக் காத்திருப்பவர் ஒருவர் உளர் என்னும் நினைவு இருப்பின், இரண்டு மூன்று வரிக் கட்டளைக் கோப்பைக்கூட நாம் கருத்தின்றி எழுதமாட்டோம்.